விறகிலிருந்து கேஸுக்கு: அடுப்படியை அளந்த வரலாறு

விறகும் சுள்ளியும் வரட்டியும் எரிந்த அடுப்படிக்குள் மண்ணெண்ணெயும் கேஸும் நுழைந்ததுதான் இந்தியாவில் மிக அதிகமானோரின் அன்றாடத்தைத் தொட்ட எரிபொருள் மாற்றம். அதனால் என்ன பலன், எவ்வளவு பலன் என்று அளக்கப் புறப்பட்டவர்களுக்கு முதல் தடையே பெரிய தடையாக இருந்தது: விறகுக்கு ரசீது கிடையாது. நிலக்கரியை வேகனில் ஏற்றும்போதே எடைபோட்டுவிடுவார்கள். மண்ணெண்ணெய் பீப்பாய்க் கணக்கில் வரும். மின்சாரத்துக்கு மீட்டர் உண்டு. வேலியோரம் ஒடித்த சுள்ளியும், தொழுவத்துச் சாணத்தைத் தட்டிச் சுவரில் காயவைத்த வரட்டியும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. 1950களின் இறுதியில் வீட்டு எரிபொருள் குறித்து எடுக்கப்பட்ட முதல் மாதிரிக் கணக்கெடுப்புகள் வீடு வீடாகப் போய்க் கேட்டே இந்த வெற்றிடத்தை நிரப்பப் பார்த்தன. அவற்றில் தெரிந்த உண்மை திட்டக்காரர்களைத் திடுக்கிட வைத்திருக்க வேண்டும். நாடு எரித்த மொத்த எரிபொருளில் பாதிக்கு மேல், ரசீதே இல்லாத இந்த வகையைச் சேர்ந்தது.

சாணத்தையும் பெட்ரோலையும் ஒரே பத்தியில் கூட்டுவது எப்படி? அதற்காக இந்தியத் திட்டக்காரர்கள் கையாண்ட அலகு ‘நிலக்கரி மாற்று டன்’. ஓர் எரிபொருள் செய்யும் வேலையை நிலக்கரியால் செய்ய வேண்டுமானால் எத்தனை டன் நிலக்கரி பிடிக்கும் என்பதுதான் அதன் பொருள். பொருளியலாளர் சுகமோய் சக்கரவர்த்தி தலைமையிலான எரிபொருள் கொள்கைக் குழு 1974-இல் தந்த அறிக்கையில் அந்தப் பட்டியல் இருக்கிறது. ஒரு டன் விறகு 0.95 டன் நிலக்கரிக்குச் சமம். ஒரு டன் வரட்டி 0.4. ஒரு டன் மண்ணெண்ணெய் 8.3. வெப்பத்தை மட்டும் பார்த்தால் மண்ணெண்ணெய்க்கு இவ்வளவு உயர்ந்த மதிப்பு வராது. திரி ஸ்டவ்வில் எரியும் எண்ணெயின் சூட்டில் பெரும்பகுதி பாத்திரத்துக்குப் போகிறது, கரியடுப்பிலோ விறகடுப்பிலோ அது காற்றோடு போகிறது என்பதையும் கணக்கில் சேர்த்ததால் வந்த எண் அது. அடுப்பின் திறமையும் எரிபொருளின் மதிப்பில் அடக்கம் என்று ஒப்புக்கொண்ட அளவில் அது நல்ல கணக்கு. ஆனால் அந்தப் பட்டியலில் விறகு சுமந்தவளின் நேரத்துக்கு அலகு இல்லை. அடுப்பு ஊதியவளின் மூச்சுக்கும் இல்லை.

மூச்சைப் பற்றி அதற்கு முன்பே சிலர் யோசித்திருந்தனர். ஜே. சி. குமரப்பா தலைமையில் வார்தாவில் இயங்கிய கிராமத் தொழில் சங்கத்தின் மகன்வாடி வளாகத்தில் 1940களில் புகைபோக்கி வைத்த மண் அடுப்பு ஒன்று உருவானது. அது ‘மகன் சூலா’ என்று பெயர்பெற்றது. 1953-இல் ஹைதராபாத் பொறியியல் ஆய்வகத்தின் எஸ். பி. ராஜு, கோடிக்கணக்கான அடுப்படிகளைப் புகையில்லாமல் ஆக்குவது பற்றி ஒரு சிறு நூலே எழுதினார். இருவரின் அக்கறையும் கண்ணெரிச்சல், கரிப்பிடித்த சுவர், வீணாகும் விறகு ஆகியவற்றைச் சுற்றியது. புகை நோயாகும் என்பதற்கு மருத்துவச் சான்று வந்தது 1959-இல். பர்மாவில் பிறந்து, 1942-இல் ஜப்பானியர் படையெடுப்பால் குடும்பத்தோடு கோயம்புத்தூர் வந்து சேர்ந்த இதய மருத்துவர் எஸ். பத்மாவதி, டெல்லியில் 127 நோயாளிகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை அது. நாள்பட்ட நுரையீரல் நோயால் இதயத்தின் வலப்பக்கம் வீங்கித் தளர்ந்துபோனவர்கள் அவர்கள். புகைபிடிக்கும் ஆண்களுக்கு வரும் நோய் என்று பாடநூல்கள் சொல்லிவந்ததற்கு மாறாக, பெண்களும் ஏறத்தாழ அதே அளவில் வந்தார்கள். வயதும் குறைவாக இருந்தது. அந்தப் பெண்களில் பீடி சிகரெட் பிடித்தவர்கள் சொற்பம். அடுப்புப் புகை காரணமாக இருக்கலாம் என்று அந்தக் கட்டுரை சுட்டியது. எரிபொருள் திட்டம் போட்டவர்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. இதயநோய் இதழுக்கும் திட்டக் கமிஷனுக்கும் நடுவே அன்று பாதை இல்லை.

1973-இல் எண்ணெய் விலை ஏறியபோது உலகத்தின் பார்வை விறகின் பக்கமும் திரும்பியது, வேறொரு கவலையோடு. அமெரிக்க ஆய்வாளர் எரிக் எக்ஹோம் 1975-இல் எழுதிய சிற்றேடு, ஏழை நாடுகளின் உண்மையான எரிபொருள் நெருக்கடி விறகுதான் என்றது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1980களின் தொடக்கத்தில் இதற்கு வரைபடமும் கணக்கும் தந்தது. தலைக்கு இவ்வளவு விறகு என்று வைத்து மக்கள்தொகையால் பெருக்கினார்கள். காடுகளில் ஆண்டுக்கு வளரும் மரத்தை அதிலிருந்து கழித்தார்கள். வந்த பள்ளத்துக்குப் பெயர் ‘விறகுப் பற்றாக்குறை’. 2000-க்குள் 200 கோடிக்கு மேற்பட்டோர் விறகில்லாமல் தவிப்பார்கள் என்பது முடிவு. 2000 வந்தது, கணக்கில் சொன்னபடி காடு காலியாகவும் இல்லை, அடுப்பு அணையவும் இல்லை.

பிழை பெருக்கலில் இல்லை, விறகு எங்கிருந்து வருகிறது என்ற அனுமானத்தில் இருந்தது. மரம் வெட்டித்தான் விறகு எடுக்கிறார்கள் என்று வரைபடம் போட்டவர்கள் நினைத்தார்கள். கிராமத்து விறகில் பெரும்பங்கு வரப்போரம், வேலி, குளக்கரை, தரிசு நிலம் ஆகிய இடங்களிலிருந்து வரும் கிளையும் சுள்ளியும். ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கம் தரிசெல்லாம் பரவிக் கிடக்கும் சீமைக்கருவேலம் எந்தக் காட்டுக் கணக்கிலும் வராது. ஆனால் அந்த வட்டாரத்து அடுப்பெல்லாம் அதனால் எரிந்தன, கரிமூட்டமும் நடந்தது. விறகு அரிதானால் மக்கள் பருத்திமாருக்கும் சோளத்தட்டைக்கும் மாறுவார்கள், ஒரு வேளைச் சமையலைக் குறைப்பார்கள், வீட்டோரம் மரம் வைப்பார்கள். நேர்கோட்டுக் கணக்கு இதில் எதையும் எதிர்பார்க்கவில்லை.

இந்த அனுமானங்களை நிலத்தில் வைத்துப் பார்த்த வேலை கர்நாடகத்தில் நடந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் மின்வேதியியலாளர் அ. கு. நா. ரெட்டி தொடங்கிய ‘அஸ்த்ரா’ என்ற ஊரகத் தொழில்நுட்பக் குழு, 1970களின் பிற்பகுதியில் தும்கூர் மாவட்டத்து உங்ரா வட்டாரத்தில் ஆறு கிராமங்களை எடுத்துக்கொண்டது. அவற்றில் புரா என்ற சிற்றூர் அதிகம் பேசப்பட்டது. ஊருக்குள் எந்த வடிவில் ஆற்றல் வந்தாலும் அதைக் குறித்துக்கொள்வது அவர்கள் முறை. விறகு, மண்ணெண்ணெய், மின்சாரம், மாடு, மனிதன் என எதையும் விடவில்லை. மனித உழைப்பைத் தனி வரிசையாக வைத்ததில்தான் அந்த ஆய்வின் புதுமை இருக்கிறது. கூட்டிப் பார்த்தபோது விறகு 89 சதவீதம். மனித உழைப்பு 7. மண்ணெண்ணெய் 2. மாடும் மின்சாரமும் ஆளுக்கு ஒன்று. மின்கம்பம் வந்துவிட்ட ஊரில் மின்சாரத்தின் பங்கு நூற்றில் ஒன்று! விறகில் மிகச் சிறு பங்கே காசு கொடுத்து வாங்கியது. மீதி பொறுக்கியது, அதுவும் பெரும்பாலும் சுள்ளி. அந்த 7 சதவீத மனித உழைப்பைப் பிரித்தபோது விறகு சேர்ப்பதிலும் தண்ணீர் எடுப்பதிலும் மாடு மேய்ப்பதிலும் பெண்களும் பிள்ளைகளும் செலவிட்ட மணிக்கணக்கு வெளியே வந்தது. எரிபொருள் மாறினால் யாருக்கு என்ன மிச்சமாகும் என்பதற்கு இந்தியாவில் கிடைத்த முதல் தெளிவான அளவீடு இதுதான் என்று சொல்லலாம்.

ரெட்டி அதே கேள்வியை மின்வாரியத்திடமும் கொண்டுபோனார். கர்நாடக அரசின் நீண்டகால மின்திட்டக் குழு 1987-இல், 2000-ஆம் ஆண்டுக்கு 4,750 கோடி யூனிட் மின்சாரமும் 9,400 மெகாவாட் நிறுவுதிறனும் வேண்டும் என்றது. பழைய வளர்ச்சி வேகத்தை முன்னோக்கி நீட்டிப் பெற்ற எண் அது. எந்த வேலைக்கு மின்சாரம், அதை எவ்வளவு குறைவாகச் செலவழித்துச் செய்யலாம் என்று கீழிருந்து கூட்டிய ரெட்டி குழுவுக்கு வந்தது 1,790 கோடி யூனிட். ஏறக்குறைய 4,000 மெகாவாட். அதுவும் வீடுகளுக்கெல்லாம் விளக்கு தருவதைச் சேர்த்தே. ஒரே மாநிலம், ஒரே ஆண்டு. கணக்கைத் தொடங்கும் இடத்தைப் பொறுத்து விடை இரண்டரை மடங்கு வேறுபட்டது.

அடுப்படிக்கு இந்தப் பாடம் எட்டவில்லை. 1980களின் நடுவில் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புத் திட்டத்தை நாடு முழுக்கத் தொடங்கியது. 2002-இல் அது கைவிடப்பட்டபோது 3 கோடிக்கு மேல் அடுப்பு கட்டியிருப்பதாகக் கணக்கு. எண்ணப்பட்டது கட்டிய அடுப்பு. எரிந்த அடுப்பை எண்ணும் வழக்கம் இல்லை. கொத்தனார் போன பிறகு புகைபோக்கி அடைத்துக்கொண்டதா, பெரிய சட்டி உட்காரவில்லை என்று வாயை இடித்துவிட்டார்களா, மழைக்கு மண் கரைந்ததா என்பதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. பிற்காலத்தில் ஒடிசாவில் பொருளியலாளர்கள் ரேமா ஹன்னா, எஸ்தர் டூஃப்ளோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோர் 44 ஊர்களில் ஏறத்தாழ 2,600 குடும்பங்களில் சீட்டுக் குலுக்கி அடுப்பு கொடுத்து, நான்கு ஆண்டு பின்தொடர்ந்தார்கள். அடுப்பில் எவ்வளவு புகை என்று கேட்கவில்லை. ஊதச் சொல்லி மூச்சில் உள்ள கார்பன் மோனாக்சைடை அளந்தார்கள். முதல் ஆண்டில் அது குறைந்தது. பிறகு பழைய நிலைக்கே வந்துவிட்டது. அடுப்பைப் பராமரிப்பதும் பயன்படுத்துவதும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்ததே காரணம். ஆய்வுக்கூடத்தில் நன்றாக எரிந்த அடுப்பு வீட்டில் என்ன செய்யும் என்று ஆய்வுக்கூட எண்ணால் சொல்ல முடியவில்லை.

புகையையே எடைபோடும் முயற்சி 1981-இல் குஜராத்தின் நான்கு ஊர்களில் நடந்தது. அமெரிக்கரான கர்க் ஸ்மித்தும் இந்திய ஆய்வாளர்கள் இருவரும் செய்தது இது. சமைக்கும் பெண்ணின் இடுப்பில் பாட்டரியில் ஓடும் சிறு பம்ப்பைக் கட்டிவிடுவார்கள். அதிலிருந்து ஒரு குழாய் தோளோரம் மேலேறி மூக்குக்கு அருகே முடியும். அந்த முனையில் வடிதாள். பம்ப் இழுக்கும் காற்றிலுள்ள தூசு தாளில் படியும். சமையல் முடிந்ததும் தாளைக் கழற்றி, துல்லியத் தராசில் முன் எடையையும் பின் எடையையும் ஒப்பிடுவார்கள். அறையின் நடுவில் கருவி வைத்து அளப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. அடுப்பின் மேல் குனிந்திருப்பவளின் காற்றும் வாசலில் உட்கார்ந்திருப்பவரின் காற்றும் ஒன்றல்ல. சமைக்கும் நேரத்தில் ஒரு கனமீட்டர் காற்றில் சராசரியாக 7 மில்லிகிராம் அளவுக்குத் துகள் இருந்தது. எல்லா அளவுத் துகள்களையும் சேர்த்த எடை அது. ஆனாலும் எந்தத் தொழில்நகரத்தின் தெருவிலும் காணாத அளவு.

தமிழ்நாட்டில் இந்த வேலையைச் சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு தொடர்ந்தது. நான்கு மாவட்டங்களில் 436 வீடுகளில் அளந்து 2002-இல் வெளியிட்ட முடிவில் மூன்று எண்கள் கவனிக்கத்தக்கவை. விறகடுப்பில் சமைப்பவருக்கு 24 மணி நேரச் சராசரி கனமீட்டருக்கு 231 மைக்ரோகிராம். அதே வீட்டில் சமைக்காதவருக்கு ஏறக்குறைய 90. கேஸ் போன்ற தூய எரிபொருள் வீட்டில் 82. முதல் எண்தான் பேச்சில் அடிபட்டது. உண்மையில் மூன்றாவதுதான் யோசிக்க வைக்கிறது. வீட்டில் விறகே இல்லாதபோதும் 82 என்றால், தெருவெல்லாம் விறகு எரியும்போது ஒரு வீடு மட்டும் மாறி முழுப் பலன் பெற முடியாது.

அளந்த புகையை நோயாக மொழிபெயர்க்க ஒரு வளைகோடு தேவைப்பட்டது. நகரக் காற்று ஒரு முனை, சிகரெட் பிடிப்பவரின் நெஞ்சு மறுமுனை. பக்கத்தில் இருப்பவரின் சிகரெட் புகையும் அடுப்புப் புகையும் நடுவே வரும். நான்கு வகை ஆய்வுகளையும் ஒரே கோட்டில் கோத்து, 2010-களில் உலக நோய்ச்சுமைக் கணக்குக்காக உருவாக்கிய கோடு அது. அதன் அடிப்படையில் 2012-இன் இறுதியில் வெளியான கணக்கு, வீட்டுப் புகையால் 2010-இல் உலகில் 35 லட்சம் பேர் இறந்ததாகச் சொன்னது. பத்மாவதி சுட்டிக்காட்டி அரை நூற்றாண்டு கழித்து, அடுப்புப் புகை அமைச்சரவைகளில் பேசப்படும் பொருளாயிற்று. கோட்டின் வடிவத்தை மட்டும் பலர் சரியாகப் பார்க்கவில்லை. தொடக்கத்தில் செங்குத்தாக ஏறி, பிறகு படுத்துவிடும் கோடு அது. அதிகப் புகையில் இருப்பவருக்குப் பாதிப் புகையைக் குறைத்தாலும் ஆபத்து கொஞ்சம்தான் இறங்கும். பெரும்பலன் கடைசிப் படிகளில் இருக்கிறது. குவாத்தமாலாவில் புகைபோக்கி அடுப்பு கொடுத்து நடத்திய சோதனை 2011-இல் இதைக் காட்டியது. புகை ஏறக்குறைய பாதியானது. குழந்தைகளின் நிமோனியா மொத்தத்தில் உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. கடுமையான நிமோனியா மட்டும் குறைந்தது.

எனவே அரைகுறை அடுப்பை விட்டுவிட்டு நேரே கேஸுக்குப் போவது என்ற எண்ணம் வலுத்தது. தமிழ்நாட்டில் 2006 தேர்தலுக்குப் பின் வந்த ஆட்சி ஏழைக் குடும்பங்களுக்கு இலவச கேஸ் இணைப்பும் அடுப்பும் கொடுக்கத் தொடங்கியிருந்தது. மத்திய அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கி, 2019 செப்டம்பரில் 8 கோடி இணைப்பை எட்டியது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தூய எரிபொருளில் சமைக்கும் வீடுகள் 2015-16-இல் 43.8 சதவீதம், 2019-21-இல் 58.6. தமிழ்நாட்டில் 73-லிருந்து 82.9.

இந்த எண்களுக்குப் பின்னே ஒரு மாதிரி ஒளிந்திருந்தது. வருமானம் ஏற ஏற வீடு சாணத்திலிருந்து விறகுக்கும், விறகிலிருந்து மண்ணெண்ணெய்க்கும், பிறகு கேஸுக்கும் படிப்படியாக ஏறும் என்ற ‘ஏணி’. மெக்சிகோ கிராமங்களை ஆராய்ந்த ஒமார் மசேராவும் சகாக்களும் 2000-இல் அந்த ஏணியை மறுத்தார்கள். மேல்படிக்குப் போனவர் கீழ்ப்படியை விடுவதில்லை, இரண்டையும் வைத்துக்கொள்கிறார். தமிழ்நாட்டுக் கிராமத்தில் இதை விளக்கவே வேண்டாம். காலையில் காபியும் திடீரென்று வரும் விருந்தாளிக்குக் குழம்பும் கேஸில். வெந்நீர், நெல் அவித்தல், மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேகவைத்தல், பொங்கல் திருநாள் எல்லாம் கொல்லைப்புற விறகடுப்பில். ‘சமையலுக்கு முதன்மையான எரிபொருள் எது?’ என்று கேட்டு ஒரே கட்டத்தில் குறிக்கும் கணக்கெடுப்புப் படிவத்துக்கு இந்த வீடு கேஸ் வீடு.

கேள்வி கேட்பதை விட்டு, தடயத்தைப் பார்க்கும் முறைகள் இதனால் வந்தன. ஒன்று, சட்டைப் பொத்தான் போன்ற சின்னஞ்சிறு வெப்பப்பதிவி. அடுப்பின் பக்கத்தில் கம்பியால் கட்டிவிட்டால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சூட்டைக் குறித்துக்கொள்ளும். பல வாரம் கழித்து எடுத்து, எந்த அடுப்பு எப்போது எரிந்தது என்று படிக்கலாம். மற்றொன்று, ஏஜென்சியின் சிலிண்டர் விற்பனைப் பதிவு. கர்நாடகத்தின் கொப்பள் மாவட்டத்தில் இந்தப் பதிவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான கட்டுரை, உஜ்வலா பயனாளிகளில் 35 சதவீதம் பேர் முதல் ஆண்டில் மறுசிலிண்டர் ஒன்றுகூட வாங்கவில்லை என்று காட்டியது. நான்கோ அதற்கு மேலோ வாங்கியவர்கள் 7 சதவீதம். ஒரு கிராமத்து வீட்டின் சமையலில் பாதிக்காவது கேஸ் போதுமான அளவு அந்த நான்கு. விறகுக்கு இல்லாத ரசீது கேஸுக்கு இருந்தது, அந்த ரசீதே கதையை மாற்றியது.

ரசீதும் விலையும் தடையாக இல்லாமல் கேஸை முழுமையாகக் கொடுத்துப் பார்த்தால்? இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகளோடு அந்தச் சோதனை நடந்தது. இந்தியப் பகுதி தமிழ்நாட்டின் விழுப்புரம், நாகப்பட்டினம் வட்டாரங்களில். பாதிப் பேருக்கு அடுப்பும் 18 மாதத்துக்கு இலவச சிலிண்டரும் வீட்டுக்கே வந்தன. பெண்கள் கேஸையே பயன்படுத்தினார்கள். அந்த அளவில் இவ்வளவு ஒழுங்காக நடந்த எரிபொருள் மாற்றம் வேறில்லை எனலாம். மூச்சில் ஏறிய நுண்துகள் விறகு வீடுகளில் கனமீட்டருக்கு 70.7 மைக்ரோகிராம், கேஸ் வீடுகளில் 23.9. குழந்தைகளின் பிறப்பு எடை கேஸ் குழுவில் 2,921 கிராம், விறகுக் குழுவில் 2,898. புள்ளியியல் அளவில் வேறுபாடு இல்லை என்று 2022-இல் வெளியான முடிவு சொன்னது. பின்னர் வந்த குழந்தை நிமோனியா முடிவும் அப்படியே.

அந்த எண்கள் ஆய்வாளர்களைப் பல வழியில் யோசிக்க வைத்தன. கருத்தரித்துப் பல வாரம் கழித்தே அடுப்பு வந்தது. சாப்பாடு, ரத்தசோகை, தாயின் எடை எல்லாம் பிறப்பு எடையில் பங்குபெறும். 23.9 என்பதும் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் ஆண்டுச் சராசரிக்கு வைத்த 5-ஐ விடப் பலமடங்கு. இந்தியாவின் வெளிக்காற்றில் உள்ள நுண்துகளுக்கே மிகப் பெரிய தனி மூலம் வீட்டு விறகுதான் என்று 2015-ஆம் ஆண்டை வைத்துச் செய்த கணக்கு காட்டியிருந்தது. 82 என்ற பழைய எண்ணுக்கு இங்கே விளக்கம் இருக்கிறது. கேஸ் பயனற்றது என்று இதை வாசிப்பது தவறு. கண்ணெரிச்சலும் சுமையும் நேரமும் இந்தச் சோதனையின் தராசில் முக்கிய இடம் பெறவில்லை. வயதானவர்களின் நுரையீரலும் இதயமும் இரண்டு ஆண்டில் விடை சொல்வதும் இல்லை.

இதற்கிடையே அடுப்புக் கணக்கு பணமாகவும் மாறிவிட்டது. விறகு மிச்சம் பிடிக்கும் அடுப்பைக் கொடுத்து, மிச்சமான கரியமிலவாயுவை வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கார்பன் வரவுப் பத்திரமாக விற்கும் சந்தை கடந்த 20 ஆண்டுகளில் வளர்ந்தது. பத்திரத்தின் மதிப்பு இரண்டு எண்களில் தொங்குகிறது: புதிய அடுப்பை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள், எரித்த விறகில் மறுபடி வளராத பங்கு எவ்வளவு. இரண்டிலும் பழைய பிழைகள் திரும்பி வந்தன. கொடுத்த அடுப்பெல்லாம் எரிகிறது என்று வைத்துக்கொண்டார்கள். காடு வேகமாகக் காலியாகிறது என்றும் வைத்துக்கொண்டார்கள். உலக அளவில் வளராத விறகின் பங்கு 27 முதல் 34 சதவீதம்தான் என்று ராப் பெய்லிஸ் குழு 2015-இலேயே கணக்கிட்டிருந்தது. திட்டங்கள் அதைவிட மிக உயர்ந்த எண்களைப் பயன்படுத்தின. கலிபோர்னியா பல்கலைக்கழக பெர்க்லி ஆய்வாளர்கள் 2024 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய பத்திரங்கள் உண்மையான மிச்சத்தைப்போல் சராசரியாக 9.2 மடங்கு வழங்கப்பட்டிருப்பதாகக் கண்டது. அவர்கள் ஒப்பிட்ட முறைகளில் உண்மைக்கு மிக அருகில் நின்றது, எரிபொருளை மீட்டர் வைத்து நேரடியாக அளக்கும் முறை. அதில் மிகை 1.5 மடங்கு.